வலை காயும் கரையில் வசனம் சொல்வது: போதகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பாம்பன் தொடங்கி தொண்டி வரை கடலோரச் சபைகளில் ஊழியம் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

ஐயா, வாரம் முழுக்கத் தயாரித்து 50 நிமிடம் பிரசங்கிக்கிறேன். ஆண்களில் பாதிப் பேர் தூங்குகிறார்கள். என்னிடம்தான் குறையோ என்று கலங்குகிறேன். (இளம் போதகர், பாம்பன்)

தம்பி, கலங்காதீர்கள். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருகிறது. ராத்திரி எல்லாம் வலை இழுத்து, மீனைத் தரம் பிரித்து இறக்கிவிட்டு, குளித்து முடித்து உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவருக்குக் கண் சொருகத்தான் செய்யும். அந்த உடம்போடு அவர் வந்ததே பெரிய காணிக்கை. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, விழுந்தான். பவுல் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இறங்கிப் போய் அணைத்துக்கொண்டார்.

ஆனால் 50 நிமிடம் வேண்டாம். 25 போதும். ஒரு பிரசங்கத்துக்கு ஒரே கருத்து. அதை ஒரு வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் தயாரிப்பு முடியவில்லை என்று அர்த்தம். எஸ்றாவின் காலத்தில் லேவியர் வேதத்தை வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், ஜனங்களுக்கு விளங்க வைத்தார்கள் என்று நெகேமியா 8:8 சொல்கிறது. நம்மில் பலர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம். திங்கட்கிழமை கரைக்குப் போய், “நேற்று என்ன கேட்டீங்க அண்ணே?” என்று ஒருவரிடம் விசாரியுங்கள். அவர் சொல்லும் பதில்தான் நீங்கள் உண்மையில் செய்த பிரசங்கம்.

லூக்கா 5-ஐ இன்னொரு முறை வாசியுங்கள். ராத்திரி முழுக்கப் பிரயாசப்பட்டு ஒன்றும் கிடைக்காமல் வலை அலசிக்கொண்டிருந்தவர்களின் படகில் ஏறித்தான் இயேசு போதித்தார். அன்று என்ன போதித்தார் என்பதை லூக்கா எழுதவில்லை. அதன் பிறகு பேதுருவுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுதியிருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகும்.

யூடியூபில் பெரிய ஊழியர்களின் பிரசங்கத்தைக் கேட்டு அதையே சொல்வது தவறா?

கேட்பது நல்லது. அப்படியே ஒப்பிப்பது தவறு. அவர் உங்கள் சபையை நினைத்து அதைத் தயாரிக்கவில்லை. அதைவிட நல்ல வழி உங்கள் தெருவிலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 27-ல் பவுல் போன கப்பல் புயலில் சிக்கி, பின்னணியத்திலிருந்து (கப்பலின் பின்பக்கத்திலிருந்து) நாலு நங்கூரம் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியும் என்று காத்திருந்தது. பிரசங்கிக்கும் முன் ஊரில் வயதான மீனவர் ஒருவரிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். பின்னால் ஏன் நங்கூரம் போட்டார்கள், அந்தக் காற்றில் கப்பல் என்ன ஆகும் என்று கேளுங்கள். எந்த வியாக்கியான நூலும் தராத பிரசங்கம் அங்கே கிடைக்கும். அப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமை தூங்கவும் மாட்டார்.

எங்கள் சபையைச் சேர்ந்த மூன்று பேரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது. இந்த ஞாயிறு எதைப் பிரசங்கிப்பது? (தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து)

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத என் கை நடுங்குகிறது. ஊழியத்தின் தொடக்கத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். புயலில் ஒரு வள்ளம் திரும்பவில்லை. அந்த ஞாயிறு நான் மாற்கு 4-ஐ எடுத்து, இயேசு கடலை அதட்டியதைச் சொல்லி, விசுவாசம் இருந்தால் பிள்ளைகள் நிச்சயம் வருவார்கள் என்றேன். ஒருவன் வரவில்லை. அவன் தாய் அதன் பிறகு பல மாதம் ஆலயத்துக்கு வரவே இல்லை. கர்த்தர் சொல்லாத வாக்குறுதியை நான் அவர் பேரில் கொடுத்துவிட்டேன். என் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ள அந்தத் தாயைப் பயன்படுத்தினேன் என்பது பிறகுதான் புரிந்தது.

ஆகவே, எப்போது வருவார்கள் என்று பீடத்திலிருந்து சொல்லாதீர்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்த வரை நல்லவர்களாக இருந்தார்கள். சனிக்கிழமைக்குள் மூன்று வீட்டுக்கும் போய் உட்காருங்கள். ஞாயிறு அன்று 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும்?” என்று கேட்பதற்கு வேதமே நமக்கு வார்த்தை தருகிறது. பத்து நிமிடம் போதும். மூன்று பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள்.

திங்கட்கிழமை வேலை வேறு. கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகும் பெண்களோடு கூடவே போங்கள். மீனவர் சங்கத்தாரோடு பேசுங்கள். படகு பிடிபட்ட வீட்டில் கடன்காரர் வந்து நிற்பார், பள்ளிக் கட்டணம் நிற்கும். ஆண்கள் யாழ்ப்பாணம் சிறையிலோ வவுனியா சிறையிலோ இருக்கும் வாரங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதும் பிரசங்கத்தின் தொடர்ச்சிதான்.

எல்லா வேலையும் என் தலையில். கமிட்டியில் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. ராஜினாமா செய்துவிடலாமா என்று தோன்றுகிறது. (மண்டபம்)

பொறுங்கள். மத்தேயு 4:21-ல் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று வருகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லும், எபேசியர் 4:12-ல் பரிசுத்தவான்கள் ‘சீர்பொருந்தும்பொருட்டு’ என்று வருகிற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. மேய்ப்பரின் வேலை வலையைச் சரிசெய்வது. மீன் பிடிக்க வேண்டியது முழு வலையும்தான், நீங்கள் மட்டும் அல்ல.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். அந்த இரண்டு குடும்பத்திலிருந்தும் ஆளுக்கு ஒருவரைச் சேர்த்து ஒரே வேலையைக் கொடுங்கள்: நோயாளிகளைச் சந்திப்பது, ஆலயத்துக்கு வெள்ளை அடிப்பது, எதுவானாலும் சரி. கூட்டம் போட்டுச் சமாதானம் பேசுவதைவிட இது பலன் தரும். “நீர் ஒருவராய் அதைச் செய்ய உம்மாலே கூடாது” என்று மோசேயிடம் சொன்னது அவருடைய மாமனார். உங்களிடம் அப்படி உரிமையோடு சொல்ல யாராவது இருக்கிறார்களா? இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள்.

காணிக்கைக் கணக்கை நானே வைத்திருக்கிறேன். சிலர் முணுமுணுக்கிறார்கள்.

இன்றே இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். பவுலே தனியாகப் பணத்தைக் கொண்டுபோகவில்லை (2 கொரிந்தியர் 8).

நான் போதகரின் மனைவி. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஆராதனை நேரத்துக்கு வர முடிவதில்லை. நான் என்ன செய்யலாம்?

சகோதரி, நீங்கள் பாதி பதிலைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், ஏனென்றால் வராதவர்களை எண்ணியிருக்கிறீர்கள். அவர்கள் கடலில் இறங்கும் நாளும் ஓயும் நாளும் அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களையே நேரம் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு சங்கீதம், அரை மணி நேரம். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த கைகளுக்கு எண்ணெய் கொண்டுபோங்கள்.

தடைக்காலம் முடிந்து படகு இறங்கும்போது ஜெபிக்கக் கூப்பிடுகிறார்கள். படகில் வேறு மதத்துத் தம்பிகளும் இருக்கிறார்கள். எப்படி ஜெபிப்பது?

சுருக்கமாக ஜெபியுங்கள். அங்கே பிரசங்கம் வேண்டாம். 107-ஆம் சங்கீதத்தில் கப்பலேறித் தொழில் செய்கிறவர்களைப் பற்றி வரும் பகுதியை, ‘நாடின துறைமுகத்தில்’ என்று முடிகிற இடம் வரை வாசியுங்கள். பிறகு படகில் போகும் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லுங்கள், அந்தத் தம்பிகளின் பெயரையும் சேர்த்து. பெயர்களை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரும்பி வரும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு, அப்போதும் கரையில் நில்லுங்கள்.