ரீஃப் தொட்டி சூடாவதற்குப் பம்ப்தான் காரணமா? சில்லர் வாங்கியே ஆக வேண்டுமா?

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), விளக்கு எல்இடி, அப்படியும் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கிறது என்கிறீர்கள். நீங்கள் தந்த பட்டியலில் ரிட்டர்ன் பம்ப் (அடியிலுள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியிலிருந்து நீரை மேலே அனுப்புவது) 45 வாட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) பம்ப் 18, அலை எழுப்பும் வேவ்மேக்கர் இரண்டுக்கும் சேர்த்து 12. ஆக 75 வாட். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் இந்த 75-ஐக் குறைக்கப் பாருங்கள்.

மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். மோட்டார் சூடாவது ஒரு பங்கு. தண்ணீரைத் தள்ளச் செலவாகும் மீதியும், நீரோட்டம் குழாயிலும் கல்லிலும் உரசி அடங்கும்போது வெப்பமாகிவிடுகிறது. 75 வாட் என்றால் நாளுக்கு 1.8 யூனிட். வெளியேற வழியே இல்லாவிட்டால் 200 லிட்டரை ஒரே நாளில் கிட்டத்தட்ட 8 டிகிரி ஏற்றிவிடும். 'டிசி (நேர்மின்னோட்டத்தில் ஓடும்) பம்ப் சூடாகாது' என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அதே நீரோட்டத்தைக் குறைந்த வாட்டில் தருவதுதான் அதன் நன்மை. எந்தப் பம்பானாலும் ஒரு வாட் ஒரு வாட்தான்.

முதலில் ஹீட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு அதுவே காரணமாக இருந்த தொட்டிகளும் உண்டு. பிறகு விடியற்காலையில், விளக்கு எரியாமல் பல மணி நேரம் ஆன நிலையில், தண்ணீரையும் அறையையும் அளந்து பாருங்கள். அப்போதும் அறையைவிடத் தண்ணீர் சூடாக இருந்தால் விளக்கின் மீது மட்டும் பழி போட முடியாது.

உங்கள் பட்டியலில் உறுத்துவது ரிட்டர்ன் பம்ப். சம்ப் வழியாக மணிக்கு 600 முதல் 1,000 லிட்டர் ஓடினாலே 200 லிட்டர் தொட்டிக்குப் போதும்; பவளங்களுக்கு வேண்டிய அலையை வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். பெரிய பம்பை வாங்கி வால்வைத் திருகி நெரிப்பது நம் ஆட்களின் பழக்கம். பாய்ச்சல் பாதியானாலும் வாட் பாதியாகாது. 20 வாட் டிசி பம்புக்கு மாறினால் 25 வாட் குறையும். யூனிட் சுமார் 30 காசு என்று வைத்தால் மாதம் ஐந்து வெள்ளிக்கு மேல் மிச்சம். வேவ்மேக்கர் மாற்றும் காலம் வரும்போது, மோட்டார் கண்ணாடிக்கு வெளியே நின்று காந்தத்தால் இறக்கையைச் சுழற்றும் வகையைப் பாருங்கள். மோட்டாரின் சூடு காற்றோடு போய்விடும்.

இருக்கும் பம்பையும் கழற்றிப் பாருங்கள். இம்பெல்லரில் (நீரைத் தள்ளும் சுழல் இறக்கையில்) வெள்ளைச் சுண்ணாம்பும் ஊதா நிறப் பாசியும் ஓடாகப் படிந்திருக்கும்; விரல் நகத்தால் சுரண்டினால் வராது. வினிகர் கலந்த நீரில் போட்டால் பொங்கி, அரை மணியில் இளகிவிடும். அதே மின்சாரத்துக்கு ஓட்டம் திரும்பக் கூடும்.

அடுத்தது, நீர்ப்பரப்பின் மீது ஊதி ஆவியாக்கும் மின்விசிறி. ஒரு லிட்டர் நீர் ஆவியானால், நாள் முழுவதும் ஓடும் 28 வாட் பம்பின் வெப்பத்தை அது எடுத்துச் சென்றுவிடும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மீன் துள்ளி வெளியே விழாது. குறைந்த நீரை ஆர்ஓ தண்ணீரால் (சவ்வில் வடிகட்டி உப்பு நீக்கிய நீரால்) மட்டுமே நிரப்ப வேண்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால். ஆனால் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் விசிறியின் கை ஓரளவுக்குத்தான் நீளும். மழை நாளில் சோர்ந்துவிடும்.

'இங்கே கடலே 30 டிகிரி, பிறகென்ன?' என்று சிலர் சொல்வார்கள். அது பவளங்கள் தாங்கும் எல்லையின் விளிம்பு. சிங்கப்பூரின் தென் தீவுகளின் பவளங்கள் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடாகி வெளுத்தன. வீட்டில் 25-27 டிகிரியில் வைப்பதே நல்லது.

எனவே, பகலெல்லாம் ஏசி ஓடாத வீட்டில் கடைசியில் சில்லர் தேவைப்படலாம், மறுக்கவில்லை. வாட்டைக் குறைத்த பின் வாங்கினால் சிறியதே போதும். அதற்கென்று தனிப் பம்ப் போடாமல் ரிட்டர்ன் குழாயிலேயே இணைக்கப் பாருங்கள், தடையைத் தாங்கும் அழுத்தம் பம்புக்கு இருந்தால். தயவுசெய்து தொட்டிக்கு அடியிலுள்ள மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். அது ஊதும் சூட்டுக் காற்று சம்பையே சூடாக்கி, சில்லர் ஓய்வில்லாமல் ஓடும்.