திறக்காத தரவுத்தளமும் திறந்து கொடுக்காத விற்பனையாளரும்

கணினி பாதியில் நின்றபின் கடைக் கணக்கு திறக்கவில்லை என்று வந்த கடிதங்களே இம்முறை அதிகம் என்பதால், அவற்றையும் அவற்றோடு தொடர்புடைய சிலவற்றையும் மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மின்சாரம் போய் வந்ததிலிருந்து எங்கள் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை. தரவுத்தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெகவரி பெண்டிங்’ என்று வருவதாகச் சொல்லும் சர்வீஸ் ஆள், 25,000 ரூபாயை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— மருந்துக்கடைக்காரர், திண்டுக்கல்

பதில்: இப்போதே கொடுக்க வேண்டாம். அந்தச் சொல்லுக்கு டேட்டா அழிந்துவிட்டது என்று பொருளில்லை, உங்கள் தரவுத்தளத்தை நடத்தும் மைக்ரோசாப்ட் மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வர் மீட்பு வேலையைத் தொடங்கப் பார்த்து, ஏதோ ஒன்று கிடைக்காமல் நிற்கிறது என்றுதான் பொருள். டிஸ்கில் இடம் தீர்ந்துபோனது, ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் லாக் கோப்பு இருக்கும் டிரைவ் கண்ணில் படாதது, கோப்பைத் தொடும் அனுமதி மாறிப்போனது என்று, சிறிது நேரத்தில் தீர்ந்துவிடக்கூடிய காரணங்களும் இதற்கு உண்டு.

முதலில் எஸ்.கியூ.எல். சர்வர் சேவையை நிறுத்திவிட்டு, எம்.டி.எஃப். (டேட்டா), எல்.டி.எஃப். (லாக்) என்று முடியும் இரண்டு கோப்புகளையும் வேறொரு டிஸ்கில் நகலெடுக்கச் சொல்லுங்கள். எல்.டி.எஃப். வெறும் லாக்தானே, அழித்துவிட்டால் திறந்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் அவரைக் கணினியிலிருந்து எழுப்பிவிடுங்கள். மின்சாரம் போன நொடியில் எந்த பில் முழுதாகப் பதிவாகியிருந்தது, எது பாதியில் நின்றது என்ற விவரம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. பழுதுபார்க்கும் கட்டளைகளில் ஒன்றுக்கு ‘ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்’ என்றே பெயர். சிதைந்த பக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் திறந்து கொடுக்கும் கட்டளை அது. மைக்ரோசாப்ட் நிறுவனமே அதைக் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. பேக்கப் இருந்தால் அதைத்தான் முதலில் மீட்டுப் பார்க்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, மீட்டுத் தந்த கணக்கில் கடைசி பில் எண்ணையும் பத்து மருந்துகளின் இருப்பையும் நீங்கள் அலமாரியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே முழுத்தொகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து வருடமாகத் தவறாமல் டி டிரைவில் பேக்கப் எடுத்து வந்தேன். இப்போது ஹார்ட் டிஸ்கே போய்விட்டது. உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது. பேக்கப் கிடைக்குமா?
— ஹார்டுவேர் கடை, கரூர்

பதில்: ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்ததில் ஒரு பாதிதான் உங்கள் டி டிரைவ். ஆகவே நீங்கள் ஐந்து வருடமாக பேக்கப் எடுக்கவே இல்லை. அந்தச் சத்தம் வரும் டிஸ்குக்கு இனி ஒருமுறைகூட மின்சாரம் கொடுக்காதீர்கள். தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் உறுப்பினர் பட்டியல் மைக்ரோசாப்ட் ஆக்செஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்பில் இருக்கிறது, கணினி உறைந்து நின்றதிலிருந்து அது திறக்கவில்லை. இணையத்தில் கிடைத்த மீட்பு மென்பொருளை இலவசமாக ஓட்டியபோது எல்லா அட்டவணைகளும் தெரிகின்றன. சேமிப்பதற்கு மட்டும் 4,500 ரூபாய் கேட்கிறது. வாங்கலாமா?
— அறக்கட்டளைச் செயலாளர், மதுரை

பதில்: நானும் இதே இடத்தில் நின்று பணம் கட்டியிருக்கிறேன். நண்பர்களோடு சேர்ந்து நடத்திய வாசகசாலையின் சந்தாப் பட்டியல் இப்படித்தான் ஒருநாள் திறக்காமல் போயிற்று. நான் இறக்கிய மென்பொருளின் முன்னோட்டத் திரையில் தேதிகளும் தொகைகளும் வரிசை பிசகாமல் தெரிந்தன. பெயர் இருக்க வேண்டிய பத்தியில் மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது. அது எழுத்துருக் கோளாறாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன். சேமித்துத் திறந்தபோது எழுநூற்றுச் சொச்சம் உறுப்பினர்களின் தமிழ்ப் பெயர்களும் முகவரிகளும் வரி வரியாகக் கேள்விக்குறிகளாக மாறியிருந்தன. தமிழைக் கணினியில் சேமிக்கும் யூனிகோடு எழுத்து முறையை அந்த மென்பொருளுக்குக் கையாளத் தெரியவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை. பழைய ரசீதுக் கட்டுகளை வைத்து நாங்கள் மூவர் உட்கார்ந்து மறுபடியும் எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் முன்னோட்டத்தில் தமிழ்ப் பத்தியைப் பாருங்கள். அதற்கும் முன்னால், ஆக்செஸ் மென்பொருளிலேயே இருக்கும் ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ வசதியைக் கோப்பின் நகலில் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, பழையதிலிருந்து அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள்; ஒன்று சிதைந்திருந்தாலும் மற்றவை வந்துவிடுவது உண்டு. கோப்பின் அளவையும் கவனியுங்கள், 2 ஜிபிதான் ஆக்செஸ் கோப்பின் உச்சவரம்பு.

கேள்வி: வேறொரு மீட்பு மென்பொருளை விலை கொடுக்காமல் கிராக் செய்த பதிப்பாக இறக்கி ஓட்டினேன். இப்போது எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருக்கின்றன. பணம் கேட்டு ஓர் அறிவிப்பும் வருகிறது.
— ஆவடி

பதில்: கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இது. பழுதாகி நின்ற ஒரு கோப்புக்காக நல்ல நிலையில் இருந்த எல்லாவற்றையும் பணயம் வைத்துவிட்டீர்கள். இணைய இணைப்பை உடனே துண்டித்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பணம் அனுப்பாதீர்கள், அனுப்பினால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. இன்று இல்லாத சாவி பின்னொரு நாள் வெளிவருவதும் உண்டு என்பதால், பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: மென்பொருளை விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து அப்டேட் போட்ட மறுநாள் கணக்கு திறக்கவில்லை. கேட்டால், ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்துவிட்டது, 18,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்தால்தான் பார்ப்போம் என்கிறார்கள். வேறு ஆளைக் கூட்டிவந்து பார்த்தால், தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல் இருக்கிறது, அவர்கள்தான் தரவேண்டும் என்கிறார். அவர்களோ அது தொழில் ரகசியம், தரமாட்டோம் என்கிறார்கள். நானும் மனைவியும் மட்டுமே நடத்தும் கடை இது.
— ஜவுளிக்கடை, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. இதே கதையைச் சிறு கடைக்காரர்கள் பல வருடங்களாக எனக்கு எழுதி வருவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மென்பொருள் அவர்களுடையது, அதன் நிரலும் வடிவமைப்பும் தொழில் ரகசியமாக இருக்கலாம். ஆனால் யாருக்கு எத்தனை புடவை விற்றீர்கள், யார் எவ்வளவு பாக்கி என்று உங்கள் மனைவி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து தட்டிச் சேர்த்த கணக்கு உங்களுடையது. அந்த இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்துவிட்டு, சாவிக்கு ஆண்டு வாடகை வசூலிப்பது பராமரிப்பு ஆகாது. விற்கும் நாளில் பேக்கப் தானாக எடுக்கும் என்கிறார்கள்; எங்கே போய் விழுகிறது, யார் திறக்க முடியும் என்று சொல்வதில்லை. கடைக்காரரும் பில் அடிக்கும் வேகத்தையும் பார்கோடு மெஷினையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். புதிதாக வாங்குகிறவர்கள் இனிமேல், விற்பனையாளர் எதிரில் இருக்கும்போதே பேக்கப் எடுக்கச் சொல்லி, அதை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாப் பட்டியலையும் எக்செலில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் டேட்டா கடைக்காரருக்கே என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். இந்த மூன்றுக்கும் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அப்டேட் போட்ட தேதி, வந்த ஆள், மறுநாள் திரையில் வந்த பிழைச்செய்தியின் படம் ஆகியவற்றோடு, டேட்டாவைத் திறக்கும் நிலையில் திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வணிகத்துக்காக வாங்கியது நுகர்வோர் சட்டத்தில் வராது என்று அவர்கள் வாதிடக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழிலாக நடத்துகிறவர் அதற்கென வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. நீங்களும் மனைவியும் மட்டுமே கடையை நடத்துவதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அவர்கள் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் ஈரோட்டிலேயே கொடுக்கலாம்.

அதுவரை கடை ஓட வேண்டுமே. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், நீங்கள் தாக்கல் செய்த விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் பதிவுபெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில்கள் ஒவ்வொன்றாக இருக்கும். ஜி.எஸ்.டி.ஆர்.-2பி படிவத்தில் உங்கள் கொள்முதல் இருக்கும். சில்லறை விற்பனைக்கு மொத்தத் தொகைதான் கிடைக்கும். கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டியிருப்பதால், இவற்றை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1 டிபி பென்டிரைவ் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேக்கப்புக்கு வாங்கலாமா?
— தாம்பரம்

பதில்: வாங்காதீர்கள். நான் வாங்கினேன், கோப்பின் பெயரும் அளவும் சரியாகத் தெரிந்தன, ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. உள்ளே இருந்தது மிகச் சிறிய சிப். அது நிரம்பியதும், புதிதாக எழுதுவதைப் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். சர்வர் கோளாறாகி நின்றபின் தொடங்கவே மறுக்கிறது. பார்க்க வந்தவர், ‘ஃபோர்ஸ் ரெகவரி’யை 6 என்று வைத்தால் திறந்துவிடும் என்கிறார். நோயாளிகளின் பழைய முடிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சரி என்று சொல்ல பயமாக இருக்கிறது.
— பரிசோதனை நிலைய உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: பயந்தது நல்லது. பழுதான தரவுத்தளத்தை வற்புறுத்தித் திறக்கும் அமைப்பு அது. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கான அதில் 1 முதல் 6 வரை படிகள் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் கோப்புகள் நிரந்தரமாகச் சிதையக்கூடும் என்று மைஎஸ்கியூஎல் கையேடே எச்சரிக்கிறது. எடுத்த எடுப்பில் 6 என்கிறவர் அவசரப்படுகிறார். சர்வர் நின்றிருக்கும் நிலையிலேயே டேட்டா கோப்புறை முழுவதையும் வேறொரு டிஸ்கில் நகலெடுக்கச் சொல்லுங்கள். ஒரு சிறு கோப்பைக்கூட விட்டுவிடக் கூடாது. நகலில் மட்டும் 1 என்று வைத்துத் தொடங்கட்டும், திறக்காவிட்டால் 2, பிறகு 3. எந்தப் படியில் திறந்தாலும் புதிய முடிவுகளை அதில் பதியவேண்டாம். அட்டவணைகள் அனைத்தையும் டம்ப் (உள்ளடக்கம் முழுவதையும் வேறொரு கோப்பில் எழுதி) எடுத்து, புதிதாக நிறுவிய சர்வரில் ஏற்றிவிட்டு, நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் ஒரு இருபதை எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அசல் டிஸ்க் அதுவரை உங்கள் மேசை அறையில் பூட்டியே இருக்கட்டும்.