கால்குலேட்டர் இல்லாமல், பத்தின் அடுக்குகளில் உள்ள எண்களைக் கையால் கணக்கிடுவது எப்படி?

6.4 × 10⁵ என்பதை 2 × 10⁻³ ஆல் வகுத்தால் ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தேர்வுக்குப் படிப்பவர் என்றும், தேர்வறையில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை என்றும் எண்ணிக்கொண்டு பதில் எழுதுகிறேன். நான் கணித ஆசிரியன் அல்லன். பர்மாவின் (மியன்மார்) யாங்கோன் நகரில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். முறையான நிறுவலை எதிர்பார்ப்பவர்கள் பாடநூலைப் பார்ப்பதே நல்லது.

பெரும்பாலோர் 6.4-ஐ 2 ஆல் வகுத்து முடித்துவிட்டு, களைத்த பிறகு அடுக்கிடம் வருகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், அடுக்கை முதலில் முடியுங்கள். வகுத்தலில் அடுக்குக்குறிகளைக் கழிக்க வேண்டும். 5-இலிருந்து −3-ஐக் கழித்தால் 8. விடை 10⁸ என்ற அளவில் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, 6.4 ÷ 2 = 3.2 என்பதை அமைதியாகப் போடலாம். முன்பகுதியில் (6.4, 2 போன்ற எண்களில்) பிசகினால் விடை சற்றே விலகும். அடுக்கில் ஒன்று பிசகினால் பத்து மடங்கு விலகும். ஆகவே, மனம் தெளிவாக இருக்கும் முதல் நிமிடத்தை அடுக்குக்கே கொடுக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் தொழில். பருப்பு வகைகளை இந்தியாவுக்கு அனுப்பும் ஒரு கடையில் பல ஆண்டுகள் கணக்குப் பார்த்தேன். உளுந்து சந்தையில் வீசைக் கணக்கில் வரும், கப்பலுக்கு டன் கணக்கில் போகும். பர்மா வீசை ஏறத்தாழ 1.63 கிலோ, டன்னுக்கு 612 வீசை என்று போடுவோம். பணத்தைப் பர்மியர் 'தெய்ன்' (இலட்சம்) என்றும் 'தான்' (பத்து இலட்சம்) என்றும் சொல்வார்கள். இந்தியாவிலிருந்து பேசுபவர் கோடியில் பேசுவார். ஒரே தொகை ஒரே நாளில் மூன்று வாய்களில் மூன்று விதமாக வரும். சுழியங்களை எண்ணிக்கொண்டிருந்தால் மாலைக்குள் தலை சுற்றிவிடும். தெய்ன் 10⁵, தான் 10⁶, கோடி 10⁷ என்று வைத்துக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது வெறும் கூட்டல் கழித்தலாகிவிடும்.

ஒருமுறை மறுதரப்பிலிருந்து ஓர் ஒப்பந்தத் தாள் வந்தது. உண்மையான தொகையை வெளியிடுவது முறையன்று என்பதால் எளிய எண்களாக மாற்றித் தருகிறேன்: 250 டன், டன்னுக்கு 28 தெய்ன், மொத்தம் 700 தெய்ன் கியாட் (பர்மியப் பணம்) என்று அச்சிட்டிருந்தது. முதலாளி பேனாவைத் திறந்துவிட்டார். "முதலாளி, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லித் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். 250 என்பது 2.5 × 10². 28 தெய்ன் என்பது 2.8 × 10⁶. பெருக்கல் என்பதால் அடுக்குகளைக் கூட்டினால் 10⁸, முன்பகுதிகளைப் பெருக்கினால் 7. ஆக 7 × 10⁸ கியாட்; அதைத் தெய்னாக்க 10⁵ ஆல் வகுத்தால் 7 × 10³, அதாவது 7,000 தெய்ன். தாளில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. தாளை அனுப்பியவர்களின் அலுவலகத்தில் இருந்தது எட்டு இலக்கக் கால்குலேட்டர். 70,00,00,000 என்ற ஒன்பது இலக்க எண் அதில் அடங்காது என்பதால் சுழியங்களை விட்டுவிட்டுப் பெருக்கி, பிறகு நினைவிலிருந்து ஒட்டியிருக்கிறார்கள். கையொப்பத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

"இப்போது கைப்பேசியே எல்லாவற்றையும் போட்டுவிடுமே" என்று சிலர் கேட்பார்கள். 3.847-ஐ 6.219 ஆல் பெருக்க வேண்டுமென்றால் நானும் கைப்பேசியைத்தான் எடுப்பேன். கருவிக்கு நான் பகைவன் அல்லன். ஆனால் ஒரு சுழியத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டால் கருவி அதையும் சரியாகவே பெருக்கித் தரும். விடை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர் மட்டுமே அதைத் தடுத்து நிறுத்த முடியும்.

பத்தின் அடுக்குகள் எவ்வளவு பெரிய வசதி என்பதை எங்கள் தலைமுறை இழந்து பார்த்து அறிந்தது. 1952-இல் ரூபாய் போய்க் கியாட் வந்தபோது, ரூபாய்க்கு 16 அணா என்ற கணக்கு ஒழிந்து கியாட்டுக்கு 100 பியா என்ற கணக்கு வந்தது. அப்படி ஒழுங்கான பணத்தை வைத்திருந்த நாட்டில், 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு எதுவும் இல்லாமல் செல்லாதவையாக்கப்பட்டு, 45, 90 கியாட் நோட்டுகள் அச்சிடப்பட்டன. இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்தாலும் 1,000 வராது. 990 வரை போய் நிற்கும், மீதிப் பத்துக்குச் சில்லறை தேட வேண்டும். சிறுசேமிப்பு போனது ஒரு துயரம் என்றால், ஒவ்வொரு நாளும் கல்லாவில் உட்கார்ந்து ஒன்பதின் மடங்குகளோடு போராடியது மற்றொன்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் கணக்கில் குழப்புவது −3 என்ற குறை அடுக்கு என்று நினைக்கிறேன். 10³, 10², 10¹ என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் பத்தால் வகுக்கிறோம். அதே போக்கில் இறங்கினால் 10⁰ என்பது 1, 10⁻¹ என்பது பத்தில் ஒன்று, 10⁻³ என்பது ஆயிரத்தில் ஒன்று. எங்கள் ஊர் எடையில் 100 கியாத்தா ஒரு வீசை. ஆகவே ஒரு கியாத்தா 10⁻² வீசை. 5 வீசையில் எத்தனை கியாத்தா என்று கேட்டால் 5-ஐ 10⁻² ஆல் வகுக்கிறோம், 500 கிடைக்கிறது. சிறியதைக் கொண்டு வகுத்தால் எண்ணிக்கை பெருகத்தான் வேண்டும். உங்கள் விடை 6.4 × 10⁵-ஐ விடக் குறைவாக வந்தால், குறியைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

கூட்டலிலும் கழித்தலிலும் இந்த வழி செல்லாது. முதலில் அடுக்குகளைச் சமமாக்க வேண்டும். 6.4 × 10⁵ உடன் 2 × 10⁴-ஐக் கூட்ட, இரண்டாவதை 0.2 × 10⁵ என்று எழுதினால் 6.6 × 10⁵ வரும். வர்க்கமூலத்துக்கு அடுக்கு இரட்டைப்படையாக இருக்க வேண்டும்: 4.9 × 10⁷-ஐ 49 × 10⁶ என்று மாற்றி, அடுக்கைப் பாதியாக்கினால், மூலம் 7 × 10³.