வகுக்காமல் அறிவது

அன்புள்ள ஐயா,

தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் மகள், 2024-இல் கண்டுபிடித்த மிகப் பெரிய பகா எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். 41 மில்லியன் இலக்கமாம். இத்தனை பெரிய எண்ணை எப்படி வகுத்துப் பார்த்தார்கள்? வங்கிப் பாதுகாப்புக்கு உதவுமா? ‘தேர்வு முடியட்டும், அப்புறம் பேசலாம்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

சரியில்லை. துணைப்பாட வகுப்பில் யாரும் ஊட்டாமல், தானாகப் பசித்துக் கேட்கிறாள் குழந்தை. அவளிடம் அப்புறம் என்கிறீர்களே, என்ன மனசு உங்களுக்கு!

வங்கிக்கு உதவாது. அங்கே தேவை, சில நூறு இலக்கமுள்ள, பிறர் அறியாத பகா எண்கள். அதை விடுங்கள்.

வகுத்துப் பார்த்தார்களா என்கிறீர்கள். இல்லவே இல்லை. கொஞ்ச நாளாக என்னை ஆட்டிவைப்பதும் இதுதான். 2-இன் 136,279,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது அந்த எண். இந்த வகை எண்களுக்கு லூக்காஸ், லேமர் என்ற இரு கணித அறிஞர்களின் பெயரால் ஒரு சோதனை உண்டு. 31-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்; 2-இன் 5-ஆம் அடுக்கில் 1 குறைவு. 4-இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2-ஐக் கழித்தால் 14. மறுபடி செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. அந்த 8-ஐ மறுபடி அப்படியே செய்தால் 62, அதை 31-ஆல் வகுக்க மீதி சுழியம். அடுக்கைவிட இரண்டு குறைவாக, மூன்று முறை செய்தோம், சுழியம் வந்தது. ஆகவே 31 பகா எண். 3-ஆல், 5-ஆல் வகுபடுமா என்று நாம் பார்க்கவே இல்லை.

என் அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கர். பிறர் போட்ட பெருக்கலைத் திரும்பப் போடமாட்டார். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளை விலக்கி, இரு பக்கமும் ஒத்துவராவிட்டால் ‘தப்பு’ என்பார். எந்த இடத்தில் தப்பு என்று அவருக்கும் தெரியாது. ஆனால் தப்பு என்பதில் சந்தேகமே கிடையாது. சிறுவயதில் அது எனக்கு மாயமாக இருந்தது. ஒத்துவந்துவிட்டால் மட்டும் ‘சரி’ என்று சொல்லமாட்டார். ஒன்பதின் கண்ணுக்குத் தப்பும் பிழைகள் உண்டு. லூக்காஸ்–லேமர் சோதனையிடம் அந்தத் தயக்கம் இல்லை. சுழியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைவான எண்ணைப் பகா எண் என்று 1644-இல் எழுதினார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். 1876-இல் லூக்காஸ் அதை மறுத்து நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூட அவர் காட்டவில்லை. 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினால் அது வரும் என்று அமெரிக்கக் கணித அறிஞர் கோல் காட்டியது 1903-இல். இடைப்பட்ட 27 ஆண்டுகளும் அது உடையும் என்பது உறுதி, உடைக்கத்தான் ஆளில்லை. மனிதனுக்கு இப்படியும் அறிய முடிகிறது! இதைவிட்டு ‘உதவுமா’ என்று கேட்கிறீர்கள்.

இன்றிரவே மகளோடு உட்காருங்கள். 127, 2-இன் 7-ஆம் அடுக்கில் 1 குறைவு; அதற்கு ஐந்தாவது முறை சுழியம் வரும். 2047, 11-ஆம் அடுக்கில் 1 குறைவு; அதற்கு ஒன்பதாவது முறை 1736 மிஞ்சும். ஆகவே அது உடையும். எந்த எண்ணால் என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.