கோல்டு கார்டு ஒன்று, குழந்தைகள் இரண்டு: லவுஞ்சுக்குள் நால்வரும் போகலாமா?

கேள்வி: என்னிடம் விமான நிறுவனக் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸின், அடிக்கடி பறப்பவர்களுக்கான கோல்டு தகுதி இருக்கிறது. மனைவி, 4 வயது மகள், ஒன்றரை வயது மகன் ஆகியோருடன் எகானமியில் வெளிநாடு போகிறோம். இடையில் விமானம் மாற 5 மணி நேரம் காத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு விமான நிலைய லவுஞ்ச் (காத்திருப்போருக்கான ஓய்வறை) இலவசம் என்கிறார்களே, நால்வரும் உள்ளே போக முடியுமா?

பதில்: கோல்டு தகுதியை மட்டும் நம்பிப் போனால், மகளுக்காக வாசலில் நிற்க வேண்டிவரும்.

கோல்டு உறுப்பினர் தம்முடன் அழைத்துச் செல்லக்கூடிய விருந்தினர் ஒரே ஒருவர்தான். மற்றக் கூட்டணிகளான ஒன்வேர்ல்டின் சஃபயர், எமரால்டு தகுதிகளுக்கும் ஸ்கைடீமின் எலீட் பிளஸ் தகுதிக்கும் இதே கணக்குதான். அந்த ஒருவர் மனைவி என்றால், மகள் இரண்டாவது விருந்தினர் ஆகிவிடுகிறாள். ‘குழந்தைதானே’ என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இலவசம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் 2 வயது நிரம்பாத கைக்குழந்தைக்குத்தான். மகனுக்குப் பொதுவாகச் சிக்கல் வராது.

எனவே மனைவியின் பெயரிலும் ஒரு வழி இருக்க வேண்டும். உங்கள் கிரெடிட் கார்டுக்கு அவர் பெயரில் ஆட்-ஆன் (கூடுதல்) கார்டு வாங்கியிருந்தால், அதற்கு பிரையாரிட்டி பாஸ் (பல லவுஞ்சுகளில் நுழைய உதவும் உறுப்பினர் திட்டம்) போன்ற தனி உறுப்பினர் வசதி உண்டா என்று வங்கியிடம் கேளுங்கள். இருந்தால் வேலை எளிது: மகள் உங்கள் விருந்தினராக வரட்டும், மனைவி மகனைத் தூக்கிக்கொண்டு தம் கார்டைக் காட்டி நுழையட்டும். ஆனால் உங்கள் கோல்டு தகுதி, மனைவியின் கார்டு இரண்டையும் ஏற்கும் லவுஞ்சாக இருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் தாங்களே நடத்தும் பல லவுஞ்சுகள் இத்தகைய கார்டுகளை ஏற்பதில்லை. பிரையாரிட்டி பாஸிலும் எல்லா இடத்துக்கும் ஒரே விதி கிடையாது. குழந்தையின் வயது வரம்பு, தங்கும் நேரம் இரண்டும் லவுஞ்சுக்கு லவுஞ்ச் மாறும். நீங்கள் போகும் லவுஞ்சின் குறிப்பைத் தேடிப் படியுங்கள். பல இடங்களில் 3 மணி நேரம்தான் அனுமதி. உங்களுக்கு 5 மணி நேரம் என்பதால், வந்ததும் நுழைந்துவிடாமல், முதலில் பிள்ளைகளை ஓடியாட விட்டுவிட்டுப் பிறகு போவது நல்லது. கூட்டம் மிகுந்தால் கார்டு இருந்தும் திருப்பி அனுப்புவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மனைவிக்கு அப்படியொரு கார்டு இல்லையென்றால், பணம் கட்டி முன்பதிவு செய்யும் பொது லவுஞ்சே நிம்மதி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விமானப் பயணங்களில் சேர்த்த மைல்களை (வெகுமதிப் புள்ளிகளை) கொடுத்து ஒருவரை மட்டும் பிசினஸ் கிளாஸுக்கு மாற்றினால் மற்றவர்களும் லவுஞ்சுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஸ்டார் அலையன்ஸிலும் ஒன்வேர்ல்டிலும் பிசினஸ் டிக்கெட் அந்த ஒருவருக்கு மட்டுமே கதவைத் திறக்கும். டிக்கெட்டை வைத்து விருந்தினரை அழைக்கும் உரிமை முதல் வகுப்புக்குத்தான். தூங்கி வழியும் பிள்ளையோடு ஒரு தாய் வெளியே நிற்பதைப் பார்த்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விதியில் ‘விருந்தினர்’ என்று இருக்கிறதா, ‘குடும்பம்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்மிரல்ஸ் கிளப் உறுப்பினர், துணையையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம். அல்லது இரண்டு விருந்தினர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சென்டூரியன் லவுஞ்சுகளில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விருந்தினர் கட்டணம் இல்லை, ஆனால் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். எங்கே போனாலும் மகனின் பாஸ்போர்ட்டைக் கைக்கெட்டும் பையில் வைத்திருங்கள்.

கடைசியாக, மகனின் பிறந்தநாளைக் கணக்கிடுங்கள். பயணத்தின் நடுவே 2 வயது நிரம்பினால், திரும்பி வரும்போது அவனுக்குத் தனி இருக்கை டிக்கெட் வேண்டும். லவுஞ்சிலும் அவன் விருந்தினர் கணக்கில் வருவான். அப்படியானால் திரும்பும் வழிக்கு இன்னொரு விருந்தினருக்கான ஏற்பாட்டை இப்போதே பார்த்துவிடுங்கள்.