லண்டனில் சாலையை மறித்துக் கைதாகும் காலநிலைப் போராட்டக்காரர்களால் ஏதாவது மாறியதா?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "கையில் பசை தடவி ரோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள், ஓவியத்தின் மேல் சூப் ஊற்றுகிறார்கள். இது போராட்டமா, விளம்பரமா? அங்கே இருக்கும் தமிழர்கள் சொல்லுங்கள்."

நான் இருப்பது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். சுருக்கமாகச் சொன்னால், 2019-இல் கொஞ்சம் மாறியது. அதற்குப் பிறகு அதிகம் மாறியது சட்டம்தான், அதுவும் அவர்களுக்கு எதிராக. நான் பார்த்தவன், கலந்துகொண்டவன் இல்லை. ஏன் இல்லை என்பதும் கீழே வரும்.

2019 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன் இயக்கத்தினர் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ், மார்பிள் ஆர்ச், பார்லிமென்ட் சதுக்கம், வாட்டர்லூ பாலம் என்று நகரின் முக்கியமான இடங்களில் ஒரே நாளில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது என் ஆபீஸ் ஸ்ட்ராண்ட் பக்கம். வேலை முடிந்ததும் வேடிக்கை பார்க்கப் பாலத்துக்கு நடந்தேன்.

எப்போதும் பஸ் மேல் பஸ்ஸாக ஊர்ந்துகொண்டிருக்கும் பாலம் அது. அன்றைக்கு நடுரோட்டில் தொட்டித் தொட்டியாக மரங்கள். ஒரு லாரிதான் மேடை. பிள்ளைகள் ஸ்கேட்போர்டு விட ஒரு சரிவுப் பலகை. ஓர் ஓரத்தில் சமையல் நடந்தது. யார் தட்டை நீட்டினாலும் போட்டார்கள், அன்னதானம் மாதிரி. தேம்ஸ் ஓடும் சத்தம் அந்தப் பாலத்தின் மேல் கேட்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு பாட்டி தார் ரோட்டில் குஷன் போட்டு உட்கார்ந்திருந்தார். "நீ உட்காரவில்லையா?" என்று கேட்டார். விசா என்றேன். "அதனால்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பென்ஷன். அதை இவர்களால் பிடுங்க முடியாது" என்றார். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்து, அவர் முன்னால் குனிந்து, எழுந்து போகாவிட்டால் கைது செய்ய வேண்டிவரும் என்று பொறுமையாக விளக்கியது. பாட்டி உடம்பைத் தளர விட்டுவிட்டார். எதிர்ப்பதும் இல்லை, ஒத்துழைப்பதும் இல்லை. ஓர் ஆளைத் தூக்க நாலு போலீஸ் வேண்டும், அதுதான் கணக்கு. தூக்கும்போது அவர் மூக்குக் கண்ணாடி நழுவியது. ஒரு போலீஸ்காரர் நின்று அதை எடுத்து மறுபடி அவர் மூக்கில் மாட்டிவிட்டார். கூட்டம் கை தட்டியது. யாருக்குத் தட்டியது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்த முறை கைதானவர்கள் 1,100 பேருக்கு மேல். நம்மூரில் இதற்குச் சிறை நிரப்பும் போராட்டம் என்று எப்போதோ பெயர் வைத்தாயிற்று. என்ன, நம்மூரில் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, மதியம் சாம்பார் சாதம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். இங்கே கைரேகையும் டி.என்.ஏ.வும் எடுப்பார்கள், பலருக்கு அப்புறம் வழக்கு.

சரி, என்ன கிடைத்தது? மே 1-ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காலநிலை நெருக்கடி நிலையை அறிவிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜூன் கடைசியில் 2008-ஆம் ஆண்டுக் காலநிலை மாற்றச் சட்டத்தைத் திருத்தி, 2050-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் (விடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமம்) என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு முன் இருந்தது 80 சதவீதக் குறைப்பு. எல்லாம் அந்தப் பாலத்தால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அரசின் ஆலோசனைக் குழு அந்தப் பரிந்துரையை ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருந்தது. பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இன்னொன்று, இவர்கள் கேட்டது 2025, கிடைத்தது 2050. ஆனால் அந்த இரண்டு வாரம் எங்கள் ஆபீஸில் டீ குடிக்கும் இடத்தில் கால்பந்துக்குப் பதிலாகக் கார்பனைப் பற்றிப் பேசினார்கள். அது அதற்கு முன் நடந்ததில்லை.

அதே வருடம் அக்டோபர் 17, காலை ஏழு மணி சுமாருக்குக் கேனிங் டவுன். எங்கள் பேட்டைக்குப் பக்கத்து ஸ்டேஷன். இரண்டு பேர் ஜூபிலி லைன் ரயிலின் கூரைமேல் பேனரோடு ஏறி நின்றார்கள். பிளாட்பாரத்தில் நின்ற ஜனம் பொறுக்கவில்லை. காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி அடித்தார்கள். இயக்கத்துக்குள்ளேயே பலர் ரயிலைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் மின்சார ரயில்! காரை வீட்டில் வைத்துவிட்டு இதில் போங்கள் என்று நாம் கெஞ்சவேண்டிய வண்டி. அன்றைக்கு எனக்கு லீவு, வீடியோவில்தான் பார்த்தேன். சாயங்காலம் பால் வாங்கப் போன இடத்தில் கடைக்கார அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தம்பி, கூரையில நிண்டவைக்கு மாதச் சம்பளம். கீழ நிண்ட சனத்துக்கு மணித்தியாலச் சம்பளம்."

எனக்குத் தில்லையாடி ஞாபகம் வந்தது. அம்மாவின் ஊர் அதற்குப் பக்கம். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் கைதான இந்தியர்களில் தமிழர்கள் நிறைய. வள்ளியம்மை சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். வயது 16. அவர்கள் மீறியது எந்தச் சட்டத்தை எதிர்த்தார்களோ அதே சட்டம். உப்பு அள்ளியதும் அப்படித்தான். அடி விழுந்தது அள்ளியவர்கள்மேல். கேனிங் டவுனில் நடந்தது வேறு. மீறியது ரயில்வே விதி, நஷ்டம் காலை ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு.

ஆனால் இவர்களுடைய சங்கடமும் புரிகிறது. உப்பு மாதிரி கையில் அள்ளிக் காட்ட இங்கே ஒன்றும் இல்லை. புகை விடாதே என்று கட்டிப்போடும் சட்டம் இல்லாததுதானே இவர்களுடைய புகாரே? இல்லாத சட்டத்தை எப்படி மீறுவது? அதனால் கைக்குக் கிடைத்த விதியை மீறுகிறார்கள், சில சமயம் முகவரி தவறிப்போகிறது. முகவரி சரியாக இருந்தபோது என்ன நடந்தது என்றும் பார்த்தோம். 2019 ஏப்ரலில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் லண்டன் தலைமை அலுவலகத்தைச் சேதப்படுத்திய வழக்கில் ஆறு பேர் நின்றார்கள். சட்டப்படி அவர்களுக்குத் தற்காப்பே இல்லை என்று நீதிபதி சொல்லியும், 2021 ஏப்ரலில் ஜூரி அவர்களை விடுவித்துவிட்டது. அந்த ஜூரியிலும் மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள் இருந்திருப்பார்கள்.

சூப் விஷயம்: 2022 அக்டோபர் 14, வான்கோவின் சூரியகாந்தி ஓவியம், ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு இளம் போராட்டக்காரர்கள். ஓவியத்தின் முன்னால் கண்ணாடி இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, சட்டம்தான் பழுதானது (மரச்சட்டத்தைச் சொல்கிறேன்). ஒருவருக்கு இரண்டு வருடம், இன்னொருவருக்கு 20 மாதம்.

மற்றச் சட்டம் 2022-இல் மாறியது. பொதுத்தொல்லை என்ற குற்றத்துக்குப் பத்து வருடம் வரை சிறை. 2023-இல் இன்னொரு சட்டம் வந்து, எதிலாவது தன்னைப் பூட்டிக்கொள்வதையே தனிக் குற்றமாக்கியது. 2022 நவம்பரில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையின் மேலே உள்ள இரும்புச் சட்டங்களில் ஏறிப் போக்குவரத்தை நிறுத்திய போராட்டத்துக்கு ஜூம் அழைப்பில் திட்டமிட்டதற்காக, 2024 ஜூலையில், இந்த இரண்டு இயக்கங்களையும் தொடங்கியவர்களில் ஒருவரான ரோஜர் ஹாலமுக்கு ஐந்து வருடமும் மற்ற நால்வருக்கு நாலு வருடமும் கொடுத்தார்கள். மேல்முறையீட்டில் ஹாலமுடையது நாலாகக் குறைந்தது. எம்25-இல் மாட்டிக்கொண்டவர்களின் கோபம் நியாயம்தான். அதற்காக ஒரு கூட்டத்தில் பேசியதற்கு நாலு வருடமா? எனக்கு ஜீரணிக்கவில்லை.

ஜஸ்ட் ஸ்டாப் ஆயில் 2025 மார்ச்சில் தன் நேரடிப் போராட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. புதிய எண்ணெய், எரிவாயு உரிமங்கள் கூடாது என்ற எங்கள் கோரிக்கை அரசின் கொள்கையாகிவிட்டது என்றார்கள். 2024-இல் வந்த லேபர் கட்சி ஆட்சி அப்படிச் சொன்னது உண்மை. உள்ளே போனவர்கள் உள்ளேதான் இருந்தார்கள்.

இனி என் கதை. இந்த நாட்டில் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்ப்பார்கள். போலீஸ், கோர்ட் விவகாரம் எதுவும் மறைக்கக் கூடாது. வேலை விசாவில் இருந்தவனுக்கு அந்தப் பாலத்தில் உட்காருவது குடும்பத்தையே சூதாட்டத்தில் வைப்பது மாதிரி. இந்த இயக்கங்களில் வெள்ளைக்கார நடுத்தர வர்க்க முகங்களே அதிகம் என்று கேலி செய்கிறோம், அதற்குப் பாதி காரணம் இதுதான். இப்படிச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். ஆனால் 1913-இல் தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலையைப் போட்டுவிட்டு எல்லையை நோக்கி நடந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் கையில் என்ன விசா இருந்தது?

எனக்குப் பாஸ்போர்ட் 2023 ஆரம்பத்தில் வந்தது. அந்த வருடம்தான் எக்ஸ்டிங்ஷன் ரெபெல்லியன், இப்போதைக்கு மக்களுக்கு இடைஞ்சல் செய்வதை முதன்மை வழியாக வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவித்து, ஏப்ரலில் பார்லிமென்ட் முன்னால் நாலு நாள் கூட்டம் போட்டது. சாலை மறியல் இல்லை, பசை இல்லை, கைதாகும் பயமே இல்லை. எனக்கென்றே ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் அந்தப் பாட்டி தெரிகிறாரா என்று தேடினேன், தெரியவில்லை. ஆறு மணிக்கு ஜூபிலி லைன் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம்.