விண்மீனின் நிறமும் சூடும்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: குழாயில் சிவப்புக் குறி வெந்நீருக்கு, நீலம் குளிர்ந்த தண்ணீருக்கு. விண்மீன்களில் மட்டும் நீலம்தான் அதிகச் சூடு என்கிறீர்களே?

பதில்: குழாயில் இருப்பது நாமாக வைத்துக்கொண்ட அடையாளம். உலையில் காயும் இரும்பைப் பாருங்கள்: மங்கிய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பிறகு வெண்சூடு. விண்மீன் அதையும் தாண்டி நீலத்துக்குப் போகும். சூடு ஏற ஏற, ஒளி மிகுதியாக வரும் அலைநீளம் குறையும் என்று 1893இல் ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் கண்டார். 28,98,000ஐக் கெல்வின் அளவில் சொன்ன வெப்பநிலையால் வகுத்தால் அந்த உச்சம் நானோமீட்டரில் கிடைக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,770 கெல்வின், உச்சம் 502. சுமார் 3,500 கெல்வின் உள்ள திருவாதிரைக்கு 828, அது அகச்சிவப்பு. சுமார் 12,000 உள்ள ரைஜெல் என்ற நீல விண்மீனுக்கு 242, புற ஊதா. இரண்டு உச்சமுமே நம் கண்ணுக்கு எட்டாதவை. எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று வரைந்தால் ஒரு மலை போல வரும்; நாம் பார்ப்பது அந்த மலையின் சரிவை மட்டுமே. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் நிறம்.

கேள்வி: ஐயா, 502 என்றால் பச்சை ஆயிற்றே? சூரியன் ஏன் பச்சையாக இல்லை?

பதில்: இதை யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். உச்சம் பச்சையில் இருந்தாலும் அந்த மலை மிக அகலமானது. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு, இரண்டும் தாராளமாகவே வருகின்றன. கண்ணில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்பு செல்களும் சேர்ந்து தூண்டப்படுவதால் மூளை அதை வெள்ளை என்கிறது. விண்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் வெள்ளைதான். எந்த வெப்பநிலையிலும் பச்சை விண்மீன் கிடையாது. கேட்டையின் துணை விண்மீன் பச்சையாகத் தெரிவதாகச் சொல்வார்கள். பக்கத்துச் சிவப்பு செய்யும் கண்கட்டு அது.

கேள்வி: கேஸ் அடுப்புச் சுடரும் நீலம்தானே, அதுவும் 10,000 டிகிரியா?

பதில்: இல்லை, சுமார் 2,000தான். அந்த நீலம் எரியும் வாயுவின் மூலக்கூறுகள் விடும் ஒளி. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

கேள்வி: எனக்கு எல்லாமே வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிகின்றன சார்.

பதில்: மங்கிய ஒளியில் கூம்பு செல்கள் வேலை செய்யாது. நல்ல பிரகாசமானவற்றைப் பாருங்கள்: ஓரியன் விண்மீன் கூட்டத்தில் திருவாதிரையையும் ரைஜெலையும் மாறி மாறி. தொலைநோக்கி இருந்தால் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். புள்ளி வட்டமாக விரிந்ததும் நிறம் எடுப்பாகத் தெரியும். அடிவானத்தில் சிரியஸ் விண்மீன் பல நிறங்களில் மின்னுவதை நம்பிவிடாதீர்கள், அது நம் காற்றின் சேட்டை.

கேள்வி: சூடு குறைந்த திருவாதிரைக்கு எப்படி இவ்வளவு பிரகாசம்?

பதில்: உடம்பு பெரிது. ஒரு சதுர மீட்டர் விடும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் மடியைப் பொறுத்தது. அந்த வகையில் சூரியனில் ஏழில் ஒரு பங்குதான் அங்கே. ஆனால் ஆரம் சூரியனைப் போலப் பல நூறு மடங்கு, பரப்பு லட்சக்கணக்கான மடங்கு.

கேள்வி: நிறத்தை மட்டும் வைத்து வெப்பநிலை சொல்லிவிடலாமா?

பதில்: தோராயமாகச் சொல்லலாம். பிரகாசத்தை நீல வடிகட்டி வழியாக ஒருமுறை, மஞ்சள்-பச்சை வடிகட்டி வழியாக ஒருமுறை அளந்து வித்தியாசம் எடுப்பார்கள். இடையில் தூசு இருந்தால் அது நீலத்தை அதிகமாக விழுங்கிவிடும். சூடான விண்மீன்கூடச் சிவந்து ஏமாற்றும். அப்போது ஒளியை நிறங்களாகப் பிரித்த நிறமாலையில் தெரியும் கருங்கோடுகளைத்தான் பார்க்க வேண்டும். எந்தச் சூட்டில் எந்த அணு எவ்வளவு அயனியாகும், அதாவது எலெக்ட்ரானை இழக்கும் என்று இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920இல் சமன்பாடு தந்த பிறகு, அந்தக் கோடுகளே வெப்பமானி ஆகிவிட்டன. கோடுகளின் வலிமை விகிதத்தைத் தூசு மாற்றாது.